கட்டற்ற கணினி – 9: தென்னார்க்காட்டுப் பள்ளிகளிலிருந்து சக்தி செயலி வரை

ஓர் இயங்குதளம் எந்தச் செயலியில் ஓடும் என்பதை முடிவு செய்வது ஆணைத் தொகுதி. கூட்டு, கழி, நினைவகத்திலிருந்து எடு, அங்கே வை, இந்த இடத்துக்குத் தாவு எனச் செயலிக்குப் புரியும் அடிப்படை ஆணைகளின் பட்டியல் அது. மென்பொருள் எந்த நிரல்மொழியில் எழுதப்பட்டாலும், கடைசியில் இந்த ஆணைகளாக மாறினால்தான் ஓடும். இன்டெல், ஏஎம்டி செயலிகள் எக்ஸ்86 தொகுதியைப் பின்பற்றுகின்றன. கைபேசிகளில் இருப்பவை பெரும்பாலும் ஆர்ம் தொகுதியைச் சேர்ந்தவை. ஒன்றுக்காகத் தொகுக்கப்பட்ட மென்பொருள் மற்றதில் நேரடியாக ஓடாது. மேசைக்கணினி என்றாலே எக்ஸ்86 என்பது நெடுநாள் வழக்கமாகிவிட்டதால், அதற்கு வெளியே நிற்பவை மாற்று வன்பொருள் எனப்படுகின்றன. ஆணைத் தொகுதி மொழியின் நெடுங்கணக்கைப் போன்றது. அந்த எழுத்துகள் ஒரு நிறுவனத்தின் உடைமையாக இருந்தால், அவற்றில் எழுத நினைப்பவர் ஒவ்வொருவரும் உரிமம் கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் முதல் முப்பது ஆண்டுகளில் இயங்குதளத்தையும் பயன்பாட்டு நிரல்களையும் விடுவித்தது. செயலியின் ஆணைத் தொகுதி பூட்டிலேயே இருந்தது. அந்தப் பூட்டும் திறந்த காலகட்டத்தில் தமிழகம் என்ன செய்தது, கடலூரும் சிதம்பரமும் உள்ளிட்ட பழைய தென்னார்க்காட்டுப் பகுதிக்கு அது எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதே இந்தப் பகுதியின் பொருள்.

மூல நிரல் திறக்கும் வழி

மூல நிரல் கையில் இருந்தால் ஒரு மென்பொருளை ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். இதை முதலில் பெரிய அளவில் காட்டியது யூனிக்ஸ். 1973-ல் அதன் மையப் பகுதியான கர்னல் சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது. 1977-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தினர் இன்டர்டேட்டா 8/32 கணினிக்கும், ஆஸ்திரேலியாவின் வொலங்காங் பல்கலைக்கழகத்தினர் இன்டர்டேட்டா 7/32 கணினிக்கும் அதைத் தனித்தனியே கொண்டுசென்றனர். அதுவரை இயங்குதளம் என்பது அந்தந்தக் கணினியோடு பிறந்து அதனோடு மறைவதாகவே இருந்தது.

லினக்ஸ் 1991-ல் இன்டெல் 386 செயலிக்காகவே எழுதப்பட்டது. வேறு செயலிக்கு அது போகும் என்று லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கத்தில் எண்ணவில்லை. ஆனால் மூல நிரல் எல்லார் கையிலும் இருந்ததால் பலர் முயன்றனர். 1995-ல் வந்த லினக்ஸ் 1.2 டெக் நிறுவனத்தின் ஆல்ஃபா செயலியிலும் ஓடியது. ஆர்ம் செயலிக்கான பணியை இங்கிலாந்தின் ரஸ்ஸல் கிங் 1994-லேயே தொடங்கியிருந்தார். 1998-ல் வந்த டெபியன் 2.0 என்னும் லினக்ஸ் வெளியீடு, எக்ஸ்86 தவிர மோட்டரோலா 68000 வரிசைச் செயலிகளுக்கும் முழு மென்பொருள் தொகுப்பைத் தந்தது. ஒரே மூல நிரல், பல செயலிகள் என்ற நடைமுறை அப்போது நிலைபெற்றது.

இந்த நடைமுறையால் புதிய செயலி ஒன்றைப் படைப்பவரின் சுமை மிகவும் குறைகிறது. முன்பெல்லாம் செயலியை வடித்தவரே இயங்குதளம், நிரலைச் செயலியின் ஆணைகளாக மாற்றும் கம்பைலர், எடிட்டர் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. இப்போது கம்பைலரையும் கர்னலின் ஒரு பகுதியையும் தம் செயலிக்கு ஏற்றபடி எழுதினால் போதும். மற்ற ஆயிரக்கணக்கான நிரல்களை மறுபடி தொகுத்துக்கொள்ளலாம்.

பரமும் சிம்ப்யூட்டரும்

இந்தியாவில் மாற்று வன்பொருளின் தேவையை உணர்த்தியது ஒரு மறுப்பு. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் உயர்திறன் கணினிகளை வாங்குவதில் இந்தியாவுக்குத் தடைகள் ஏற்பட்டன. அதற்கு விடையாக 1988-ல் சி-டாக் என்னும் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம் நிறுவப்பட்டது. அது 1991-ல் பரம் 8000 என்னும் கணினியை உருவாக்கியது. ஒரே பெரிய செயலிக்குப் பதிலாக டிரான்ஸ்ப்யூட்டர் எனப்பட்ட சிறு செயலிகள் பலவற்றைப் பிணைத்து அது கட்டப்பட்டது. கணினியின் கட்டமைப்பு இந்தியாவுடையது. செயலிகள் இங்கிலாந்திலிருந்து வந்தவை.

அடுத்த பெரிய முயற்சி சிம்ப்யூட்டர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தினரும் சேர்ந்து வடிவமைத்த கையடக்கக் கணினி அது. விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோர் அதில் முன்னின்றனர். ஆர்ம் வகையைச் சேர்ந்த ஸ்ட்ராங்ஆர்ம் செயலி, அதன்மேல் லினக்ஸ், தொடுதிரை, ஸ்மார்ட் கார்டு செருகும் இடம், இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டும் வசதி ஆகியவை அதில் இருந்தன. எழுத்தறியாதவரும் பயன்படுத்த வேண்டும், ஊருக்கு ஒன்று இருந்தால் பலர் மாற்றி மாற்றி உபயோகிக்க வேண்டும் என்ற நோக்கில் செய்யப்பட்டது. வன்பொருள் வடிவமைப்பையும் பொதுவில் வைக்க ஒரு தனி உரிமத்தை அவர்கள் வகுத்தனர். 2004-ல் அமிடா என்ற பெயரில் சந்தைக்கு வந்தபோது எதிர்பார்த்ததில் சிறு பங்கே விற்றது. விலை குறைந்துகொண்டே வந்த கைபேசிகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனாலும் எக்ஸ்86 அல்லாத செயலியில், கட்டற்ற இயங்குதளத்தோடு, இந்திய மொழிகளுக்கென இந்தியாவில் வடிக்கப்பட்ட கணினி என்ற வகையில் அதற்கு வரலாற்றில் முதன்மையான இடம் உண்டு.

நெல்லிக்குப்பம் கிராமங்கள், கடலூர்ப் பள்ளிகள்

அதே ஆண்டுகளில் கடலூர் மாவட்டத்தில் இன்னொரு மாற்று வன்பொருள் கால் ஊன்றியது. சென்னை ஐ.ஐ.டி.யின் டெனெட் குழுவினர், பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் தலைமையில், கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியிருந்தனர். செப்புக்கம்பி இழுக்காமலே ஒரு கோபுரத்திலிருந்து சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் பேச்சையும் 35 கிலோபிட் வேக இணையத்தையும் சேர்த்துத் தரும் முறை அது. அதை ஊர்களுக்குக் கொண்டுசெல்ல என்-லாக் என்ற நிறுவனம் அமைந்தது. நெல்லிக்குப்பத்தில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து சர்க்கரை ஆலை நடத்திவரும் ஈ.ஐ.டி. பாரி நிறுவனம், ஆலைக்குக் கரும்பு தரும் விவசாயிகளின் ஊர்களில் இந்த இணைப்போடு இணைய மையங்களை 2000-களின் தொடக்கத்தில் ஏற்படுத்தியது. பயிர், உரம், வானிலை பற்றிய விவரங்கள் தமிழில் கிடைத்தன. ஊர் இளைஞர்களே மையங்களை நடத்தினர். வன்பொருளை இங்கேயே வடித்து இங்குள்ள கிராமத்துக்குப் பொருத்த முடியும் என்பது ஐ.ஐ.டி. வளாகத்தின் ஆய்வகத்துக்கு வெளியே மெய்யான இடங்களில் ஒன்று நெல்லிக்குப்பம்.

மென்பொருள் பக்கத்தில் மாற்றம் அரசு வழியாக வந்தது. 2005-ல் மத்திய அரசின் ஆதரவோடு, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னையில் தொடங்கப்பட்டது. சி-டாக் சென்னைப் பிரிவும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இயங்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் அதை நடத்தின. டெபியனை அடித்தளமாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கான எழுத்துருக்களும் விசைப்பலகைகளும் சேர்த்து, போஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்ற லினக்ஸ் வெளியீட்டை சி-டாக் 2007-ல் வெளியிட்டது. அதே காலத்தில் சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநராக இருந்த, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அரசுப் பள்ளிகளுக்கு அது வாங்கிய கணினிகளும் லினக்ஸோடு சென்றன.

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலாண்டு இலக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேல். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் போஸ் லினக்ஸும் இரண்டும் இருந்தன. இயக்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, விருத்தாசலம், காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களின் அரசுப் பள்ளி மாணவர் பலருக்கு வீட்டுக்கு வந்த முதல் கணினி அதுதான். முதன்முதலாக லினக்ஸைப் பார்த்ததும் அதில்தான். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான பராமரிப்பு முடிந்தபோது, பழைய கணினிகளில் போஸ் லினக்ஸை நிறுவும்படி தமிழக அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது.

இந்தக் கணினிகள் அனைத்தும் எக்ஸ்86 செயலி கொண்டவை. மாணவர் தம் இயங்குதளத்தின் மூல நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். அதற்குக் கீழே இருந்த செயலி என்ன செய்கிறது என்பதைக் கையேட்டில் படிக்க முடியுமே தவிர, அதன் வடிவமைப்பைப் பார்க்கவோ அதே ஆணைத் தொகுதியில் இன்னொன்றைப் படைக்கவோ வழி இல்லை.

பெர்க்லியில் திறந்த பூட்டு

2010 மே மாதம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிரஸ்டே அசனோவிச்சும், மாணவர்களான யுன்சுப் லீ, ஆண்ட்ரூ வாட்டர்மன் இருவரும் புதிய ஆணைத் தொகுதி ஒன்றை எழுதத் தொடங்கினர். எக்ஸ்86, ஆர்ம் இரண்டும் ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் மிகச் சிக்கலானவை. உரிமத் தடைகளும் உண்டு. 1980-களிலேயே ரிஸ்க் என்னும் எளிய ஆணைத் தொகுதிக் கருத்தை வளர்த்த டேவிட் பேட்டர்சனும் அங்கே இருந்தார். பெர்க்லியின் ரிஸ்க் வரிசையில் ஐந்தாவது என்பதால் ரிஸ்க்-ஃபைவ் என்று பெயரிட்டனர். 2011-ல் முதல் கையேடு வந்தது. அதை யாரும் படிக்கலாம், அதன்படி செயலி செய்யலாம், விற்கலாம். எவருக்கும் கட்டணம் இல்லை. 2015-ல் இதைப் பேணுவதற்கு ஒரு அறக்கட்டளை அமைந்தது. எந்த ஒரு நாட்டின் வணிகக் கட்டுப்பாடுகளுக்கும் உட்படாதிருக்க 2020-ல் அது சுவிட்சர்லாந்துக்கு மாறியது.

ரிஸ்க்-ஃபைவ் அடுக்கடுக்காக அமைந்தது. அடிப்படையில் ஐம்பதுக்கும் குறைவான முழு எண் ஆணைகள். அவற்றின்மேல் பெருக்கல்-வகுத்தல், அணுநிலைச் செயல்கள், மிதவைப் புள்ளிக் கணக்கு, சுருக்கிய ஆணைகள் என விருப்பத்துக்கேற்பச் சேர்க்கும் பகுதிகள். ஒரு பொம்மைக்கான சில்லும் ஒரு சர்வருக்கான செயலியும் ஒரே குடும்பத்தில் அமையலாம்.

ஆணைத் தொகுதி திறந்ததாக இருந்தாலும் மென்பொருள் இல்லாவிட்டால் பயனில்லை. அது 2017-18-ல் நிறைவேறியது. ஜிசிசி கம்பைலரின் 7-ஆம் பதிப்பு ரிஸ்க்-ஃபைவை ஏற்றது. 2018 ஜனவரியில் வந்த லினக்ஸ் 4.15 கர்னலிலும், அடுத்த மாதம் வந்த ஜிலிப்சி 2.27 அடிப்படை நிரலகத்திலும், ஒரு செயலியை இன்னொன்றில் நடித்துக் காட்டும் கியூஎமுவின் ஏப்ரலில் வந்த 2.12 பதிப்பிலும் அதற்கான நிரல் சேர்ந்தது. ஒரு புதிய செயலிக் குடும்பத்துக்கு மென்பொருள் உலகம் ஏறத்தாழ ஓராண்டுக்குள் கதவைத் திறந்தது, எல்லாம் பொதுவில் இருந்ததால்.

சக்தி

சென்னை ஐ.ஐ.டி.யின் கணினி அறிவியல் துறையில் பேராசிரியர் வி. காமகோடியின் தலைமையில் இயங்கும் ரைஸ் ஆய்வுக் குழு, 2014-ல் சக்தி என்னும் செயலித் திட்டத்தைத் தொடங்கியது. மத்திய மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நிதி தந்தது. ரிஸ்க்-ஃபைவைப் பின்பற்றி ஒரு செயலி மட்டுமல்ல, ஒரு செயலிக் குடும்பமே வடிக்கப்பட்டது. இ-வகை சிறிய கருவிகளுக்கானது: 32 பிட், மூன்று படிநிலைகளில் ஆணையைச் செயலாக்கும். சி-வகை நடுத்தரமானது: 64 பிட், ஐந்து படிநிலைகள், லினக்ஸை ஓட்டும் திறன். ஐ-வகை அதிக வேகத்துக்காக ஆணைகளை வரிசை மாற்றிச் செயல்படுத்தும். இவற்றுக்கு மேல் பல உள்ளகங்கள் கொண்ட வகைகளும், பாதுகாப்புக்கும் பழுது தாங்குவதற்கும் தனி வகைகளும் திட்டமிடப்பட்டன.

செயலியின் வடிவமைப்பும் ஒரு நிரலே. சக்தி புளூஸ்பெக் என்னும் வன்பொருள் விவரிப்பு மொழியில் எழுதப்பட்டது. அந்த நிரல் பிஎஸ்டி உரிமத்தில் முழுவதுமாக வெளியிடப்பட்டது. யாரும் அதைப் படிக்கலாம், மாற்றலாம், சில்லாக வார்த்து விற்கலாம். மாற்றியதைத் திருப்பித் தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு குறை மட்டும் இருந்தது: அந்த மொழியின் கம்பைலர் தனியுடைமையாக இருந்தது. 2020 ஜனவரியில் புளூஸ்பெக் நிறுவனம் அதையும் கட்டற்றதாக வெளியிட்டபோது அந்தக் குறையும் நீங்கியது. செயலியின் மூல நிரலையும் அதைத் தொகுக்கும் கருவியையும் எந்தக் கல்லூரியும் இலவசமாகப் பெற முடிந்தது.

லினக்ஸ் எழும் முறை

புதிய செயலியில் லினக்ஸ் எழுவது எப்படி என்பது இந்த வரலாற்றின் மையமான செய்தி.

ரிஸ்க்-ஃபைவ் செயலியில் மூன்று அதிகார நிலைகள் உண்டு. மிக உயர்ந்தது இயந்திர நிலை. வன்பொருள் முழுவதையும் அது ஆளும். அடுத்தது மேற்பார்வை நிலை, கர்னலுக்குரியது. கடைசியானது பயனர் நிலை. உலாவி, எடிட்டர் போன்ற நிரல்கள் அங்கே ஓடும். மின்சாரம் வந்ததும் செயலி இயந்திர நிலையில் விழித்து, சில்லுக்குள்ளேயே எழுதப்பட்ட சிறு நிரலை ஓட்டுகிறது. அது ஃபிளாஷ் நினைவகத்திலிருந்தோ எஸ்.டி. கார்டிலிருந்தோ அடுத்த கட்ட நிரலை ரேமில் ஏற்றுகிறது. தொடக்கத்தில் இதற்குப் பெர்க்லியின் பூட் லோடர் பயன்பட்டது. 2019 முதல் ஓபன்எஸ்பிஐ என்னும் கட்டற்ற நிரல் அந்த இடத்தைப் பிடித்தது. ஓபன்எஸ்பிஐ இயந்திர நிலையிலேயே தங்கி, கடிகாரம், செயலி உள்ளகங்களிடையே சைகை போன்ற சேவைகளைக் கர்னலுக்குத் தருகிறது.

பிறகு கட்டுப்பாடு கர்னலிடம் போகும்போது இரண்டு தகவல்கள் ஒப்படைக்கப்படுகின்றன: எந்த உள்ளகம் விழித்திருக்கிறது என்ற எண், டிவைஸ் ட்ரீ எனப்படும் பட்டியல் இருக்கும் முகவரி. மேசைக்கணினியில் எந்தெந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்பதைப் பயாஸ் சொல்லிவிடும். சக்தி போன்ற பலகைகளில் அப்படிச் சொல்ல ஏதும் இல்லை. ரேம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு, சீரியல் துறை எந்த முகவரியில், சாதனங்கள் அனுப்பும் இடையூறு (இன்டரப்ட்) சைகைகளைப் பகிர்வது எது ஆகியவற்றை டிவைஸ் ட்ரீயில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே கர்னல் பல பலகைகளில் ஓடுவது இதனால்தான். முதல் முறை லினக்ஸ் எழும்போது திரை கிடையாது; சீரியல் கம்பி வழியாக இன்னொரு கணினியில் வரும் எழுத்துகளே சாட்சி.

அடுத்து கர்னல் மெய்நிகர் நினைவகத்தை அமைக்கிறது. ஒவ்வொரு நிரலும் தனக்கென ஒரு தனி முகவரி வெளி இருப்பதாக எண்ணி ஓட, செயலிக்குள் இருக்கும் நினைவக மேலாண்மைப் பகுதி அந்த முகவரிகளை உண்மையான ரேம் முகவரிகளாக மாற்றித் தருகிறது. எஸ்வி39 எனப்படும் ரிஸ்க்-ஃபைவ் முறையில் ஒரு நிரலுக்கு 39 பிட் முகவரி, அதாவது 512 ஜிகாபைட் வரை பரந்த முகவரி வெளி. இந்தப் பகுதி இருப்பதால்தான் சக்தியின் சி-வகையில் வழக்கமான லினக்ஸ் வெளியீடு ஓடும். அது இல்லாத இ-வகையில் ஃப்ரீஆர்டாஸ், செஃபிர் போன்ற சிறிய கட்டற்ற இயங்குதளங்கள் ஓடுகின்றன. இத்தனையும் முடிந்தபின் கர்னல் முதல் பயனர் நிரலைத் தொடங்கி வைக்கிறது.

சில்லுகள்

2018 ஜூலையில் ரைஸ்கிரீக் என்ற பெயரில் முதல் தொகுதியாக 300 சில்லுகள் வந்தன. சி-வகையை அடிப்படையாகக் கொண்ட அவை அமெரிக்காவின் ஆரெகான் மாநிலத்தில் இன்டெல்லின் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் வார்க்கப்பட்டவை. வேகம் 350 மெகாஹெர்ட்ஸ். அவற்றில் லினக்ஸ் எழுந்தது. இந்தியாவில் வடித்த திறந்த செயலியில், திறந்த இயங்குதளம் ஓடியது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் ரிமோ என்னும் சில்லு வந்தது. வடிவமைப்போடு வார்ப்பும் இந்தியாவிலேயே நடந்தது என்பது அதன் சிறப்பு. பஞ்சாபின் மொஹாலியில் உள்ள எஸ்.சி.எல். ஆலையில் 180 நானோமீட்டர் முறையில் அது உருவானது. 1980-களில் தொடங்கப்பட்ட அந்த ஆலை 1989-ல் பெரும் தீ விபத்துக்கு உள்ளாகி, மீண்டு எழப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 180 நானோமீட்டர் என்பது உலகின் முன்னணி ஆலைகளைவிடப் பல தலைமுறை பின்தங்கியது. ஆயினும் விண்வெளி, பாதுகாப்பு, தொழிற்சாலைக் கட்டுப்பாடு போன்ற பணிகளுக்கு அது போதும். 2020 செப்டம்பரில் இ-வகையைச் சார்ந்த மௌஷிக் சில்லு அதே ஆலையிலிருந்து வந்தது. 2025 பிப்ரவரியில், இஸ்ரோவின் திருவனந்தபுரம் நிலைம அமைப்புகள் பிரிவோடு சேர்ந்து சென்னை ஐ.ஐ.டி. சக்தியின் அடிப்படையில் உருவாக்கிய ஐரிஸ் என்னும் விண்வெளிக் கட்டுப்பாட்டுச் சில்லு அறிவிக்கப்பட்டது. வார்ப்பு மொஹாலியில், பொதிவு கர்நாடகத்தில், பலகை குஜராத்தில், உறுப்புகளைப் பொருத்தியது சென்னையில்.

இதே ஆண்டுகளில் திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகா என்னும் ரிஸ்க்-ஃபைவ் வரிசையும் வளர்ந்தது. 2020 ஆகஸ்டில் இரண்டு செயலிகளையும் பயன்படுத்திப் புதிய கருவிகள் படைக்க, 4.30 கோடி ரூபாய் நிதியுதவியோடு சுதேசி மைக்ரோபிராசசர் சவால் என்னும் போட்டியை மத்திய அரசு அறிவித்தது. 2022 ஏப்ரலில் ரிஸ்க்-ஃபைவ் செயலிகளுக்கான டிஐஆர்-வி என்ற திட்டம் தொடங்கி, காமகோடி அதன் தலைமை வடிவமைப்பாளரானார். அதே ஆண்டு ஜனவரியில் அவர் சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநராகவும் பொறுப்பேற்றிருந்தார்.

தமிழ் கூடவே வருகிறது

புதிய செயலிக்கு மாறும்போது தமிழ் என்னவாகும் என்பது இங்குள்ள பயனருக்கு முதன்மையான கேள்வி. இதற்கு டெபியனின் அமைப்பு தெளிவான விடை தருகிறது. டெபியனில் மென்பொருள் பொதிகள் இரண்டு வகை. ஒன்று, ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே தொகுக்க வேண்டியவை. மற்றது, எந்தச் செயலிக்கும் பொதுவானவை. லோகித் தமிழ் உள்ளிட்ட எழுத்துருக்கள், லிப்ரெஆபிஸின் தமிழ் மொழிபெயர்ப்பு, தமிழ்99 உள்ளிட்ட விசைப்பலகை வரைவுகளின் தரவு எல்லாம் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. உயிர்மெய் எழுத்துகளைச் சரியான வடிவில் அமைக்கும் ஹார்ஃப்பஸ் நிரல் மட்டும் மறுபடி தொகுக்கப்படுகிறது; அதன் மூல நிரலும் திறந்ததே.

தமிழ் மொழிபெயர்ப்புக் குழுக்களும், எழுத்துரு செய்தவர்களும், 2012 முதல் வெளிவரும் கணியம் இதழில் தமிழில் எழுதியவர்களும் ஆண்டுக்கணக்கில் செய்த உழைப்பு எக்ஸ்86-ஓடு கட்டப்பட்டிருக்கவில்லை. தனியுடைமை மென்பொருளில் செய்த அதே உழைப்பு, அந்த நிறுவனம் புதிய செயலிக்கு வர விரும்பினால்தான் தொடரும்.

சிதம்பரத்தில் இருந்தபடி

இந்தத் துறையில் இறங்கச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டிய தேவை இன்று குறைந்துவிட்டது. 1929-ல் நிறுவப்பட்டு 2013 முதல் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ, பண்ருட்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியிலோ, கடலூர் அரசுக் கல்லூரியிலோ படிக்கும் மாணவர் மூன்று படிகளில் முன்னேறலாம்.

முதற்படிக்கு வன்பொருளே வேண்டாம். சாதாரண மடிக்கணினியில் கியூஎமுவை நிறுவினால், அது ரிஸ்க்-ஃபைவ் கணினியைப் போல நடித்துக் காட்டும். அதில் டெபியனை முழுதாக நிறுவி, மேலே சொன்ன தொடக்க வரிசையைச் சீரியல் திரையில் வரிவரியாகப் பார்க்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2019 முதல் தன் இயங்குதளப் பாடத்துக்குரிய எக்ஸ்வி6 என்னும் சிறு இயங்குதளத்தை ரிஸ்க்-ஃபைவுக்கு மாற்றிக் கற்பிக்கிறது. சில ஆயிரம் வரிகளே கொண்ட அதன் மூல நிரலும் விளக்க நூலும் இலவசம்.

இரண்டாம் படி சிறு பலகைகள். வேகாவின் தேஜஸ்32 சில்லு கொண்ட ஏரீஸ் பலகைகளும், 2024-ல் வந்த ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் ஆர்பி2350 சில்லும் இந்த வகை. பின்னதில் ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் இரு வகை உள்ளகங்களும் உண்டு. லினக்ஸ் ஓட இவை போதா; வன்பொருளை நேரடியாக ஆள்வதைக் கற்கப் போதும்.

மூன்றாம் படி செயலியையே மாற்றிப் பார்ப்பது. எஃப்பிஜிஏ என்பது வாங்கியபின் உள்சுற்றுகளை நாமே மாற்றி அமைத்துக்கொள்ளும் சில்லு. ஆர்டி ஏ7 என்னும் எஃப்பிஜிஏ பலகைக்கென சக்திக் குழு மூன்று வடிவங்களை வெளியிட்டுள்ளது: இ-வகையில் பினாகா, பரசு, சி-வகையில் வஜ்ரா. ஐ.ஐ.டி.யின் மூல நிரலை இறக்கி, அதில் ஒரு புதிய ஆணையைச் சேர்த்து, கம்பைலருக்கு அதைக் கற்பித்து, பலகையில் ஏற்றி ஓட்டிப் பார்க்கலாம். வார்த்த சில்லைவிட வேகம் குறைவு. ஆனால் செயலியின் ஒவ்வொரு கம்பியும் மாணவரின் கையில்.

கற்றுத்தரும் கூட்டமும் அருகிலேயே இருக்கிறது. 1993 வரை கடலூரோடு ஒரே தென்னார்க்காடாக இருந்த விழுப்புரத்தில் விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு கட்டணமின்றி வகுப்புகள் நடத்துகிறது. கடலூரை ஒட்டிய புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருளோடு வன்பொருளையும் பெயரிலேயே சேர்த்துக்கொண்ட இயக்கம் செயல்படுகிறது.

எஞ்சியுள்ள பூட்டுகள்

ஆணைத் தொகுதியும் செயலி வடிவமைப்பும் திறந்துவிட்டதால் கணினி முழுவதும் விடுதலை ஆகிவிடவில்லை. வடிவமைப்பைச் சில்லின் வரைபடமாக மாற்றும் முன்னணி மென்பொருள்கள் சில நிறுவனங்களின் தனியுடைமை. ஒவ்வொரு ஆலையும் தன் வார்ப்பு விதிகளை ரகசியமாக வைத்திருக்கிறது. 2020-ல் கூகுளும் ஸ்கைவாட்டரும் 130 நானோமீட்டர் விதிகளைத் திறந்தது தொடக்கம் மட்டுமே. நினைவகத்தையும் யுஎஸ்பியையும் செயலியோடு இணைக்கும் பகுதிகள் பெரும்பாலும் விலைக்கு வாங்கப்படுகின்றன. சந்தையில் உள்ள ரிஸ்க்-ஃபைவ் பலகைகள் பலவற்றின் வரைகலைப் பகுதிக்கு முழுமையான கட்டற்ற டிரைவர் இல்லை.

விருப்பப் பகுதிகளைச் சேர்க்கும் சுதந்திரமே ஒரு சிக்கலையும் தருகிறது. ஒருவர் சேர்த்ததை மற்றவர் சேர்க்காவிட்டால் ஒரே மென்பொருள் எல்லாவற்றிலும் ஓடாது. இதைத் தவிர்க்க, பெரிய கணினிகளுக்கான குறைந்தபட்ச வரையறையாக ஆர்விஏ23 என்பது 2024-ல் ஏற்கப்பட்டது. உபுண்டு 25.10 அதையே அடிப்படையாக்கியதால், அதற்கு முந்தைய ரிஸ்க்-ஃபைவ் பலகைகள் அந்த வெளியீட்டுக்கு வெளியே நின்றுவிட்டன. டெபியன் பழைய அடிப்படையைத் தொடர்கிறது. சக்தியின் சி-வகை பின்பற்றுவதும் அதே அடிப்படைதான்.

2023 ஜூலையில் டெபியன் ரிஸ்க்-ஃபைவைத் தன் அதிகாரபூர்வக் கட்டமைப்புகளில் சேர்த்தது. 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13, அந்தச் செயலிக் குடும்பத்துக்கான முதல் முழு வெளியீடு. போஸ் லினக்ஸ் பிறந்ததும் அதே டெபியனிலிருந்து. பள்ளி மடிக்கணினியில் போஸைக் கற்ற கடலூர் மாணவருக்கு ரிஸ்க்-ஃபைவ் பலகையில் கட்டளைகள், கோப்பு அமைப்பு, தமிழ் எழுத்துருக்கள் எதுவும் அந்நியமல்ல. கற்றதை மறக்காமல் செயலியை மாற்றிக்கொள்ள முடிகிறது. மூல நிரலைப் பொதுவில் வைத்ததன் முழுப் பயன் இதுவே.